'கவர்ன்மெண்ட் வேலை' - எந்தக் கவர்ன்மெண்ட்?

தாராவியிலும் மாட்டுங்காவிலும் ஒருவரைக் காட்டி, "கவர்ன்மெண்டில் இருக்கிறார்" என்றால் போதும்; பெண் கொடுக்க முன்வந்து விடுவார்கள். எந்தக் கவர்ன்மெண்ட் என்று யாரும் கேட்பதில்லை. ஓய்வு பெறும் நாளில்தான் அந்தக் கேள்வி வருகிறது.

ரயில்வேயும் தபால் இலாகாவும் அரசின் நேரடித் துறைகள். இவற்றுக்குத் தனிப் பதிவு கிடையாது. நிரந்தர ஊழியரை நீக்க, பொதுவாக அரசியல் சட்டத்தின் 311-வது பிரிவுப்படி விசாரணை நடத்தியாக வேண்டும். பதவி உயர்வு போன்ற வழக்குகள் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகும்.

ஸ்டேட் வங்கியும் ஆயுள் இன்சூரன்ஸ் கழகமும் வேறு வகை. 1955-லும் 1956-லும் நாடாளுமன்றம் தனித்தனிச் சட்டம் போட்டு உண்டாக்கியவை. 311 அங்கே செல்லாது. அதற்காக அந்த ஊழியர்கள் நாதியற்றவர்கள் அல்ல. இன்சூரன்ஸ் கழகமும் 'அரசு' என்ற சொல்லில் அடங்கும் என்று 1975-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. எனவே ஐகோர்ட்டில் ரிட் போடலாம்.

குழப்பமெல்லாம் கம்பெனிகளில்தான். அரசின் பங்கு 51 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் அது அரசுக் கம்பெனி. மும்பை டெலிபோன் இலாகாவையே பாருங்கள். 1986 ஏப்ரல் 1-ந் தேதி அது மகாநகர் டெலிபோன் நிகம் என்ற கம்பெனியின் கைக்குப் போயிற்று. அதே கட்டிடம், அதே நாற்காலி. முதலாளி மட்டும் வேறு! வெளியூர்களில் 2000 அக்டோபர் 1-ல் பாரத் சஞ்சார் நிகம் வந்தது. இலாகாவில் சேர்ந்து நிகமுக்கு மாறியவருக்கு அரசுப் பென்ஷன் உண்டு. பிறகு நிகமே வேலைக்கு எடுத்தவருக்கு அது இல்லை. வருங்கால வைப்பு நிதித் திட்டம்தான். பக்கத்துப் பக்கத்து மேஜைக்காரர்கள் இருவருக்குள் இவ்வளவு வித்தியாசம். அம்பர்நாத்தில் உள்ளவை உட்பட 41 ஆயுதத் தொழிற்சாலைகளும் 2021 அக்டோபர் 1-ல் ஏழு கம்பெனிகளின் கீழ் வந்துவிட்டன.

கம்பெனிதானா என்று அறிய, கடிதத் தாளைப் பார்த்தால் போதும். எழுத்தும் எண்ணுமாக 21 இலக்கம் கொண்ட பதிவு அடையாளம் அச்சாகியிருக்கும். நடுவே பதிவான ஆண்டு. அதையடுத்து மூன்று எழுத்து. 'ஜி.ஓ.ஐ.' என்றால் மத்திய அரசுக் கம்பெனி, 'எஸ்.ஜி.சி.' என்றால் மாநில அரசுக் கம்பெனி.

1860-ஆம் ஆண்டுச் சட்டப்படி சங்கமாகப் பதிவானவையும் உண்டு. விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சி கவுன்சில் அப்படிப்பட்டது. அது 'அரசு' அல்ல என்று 1975-ல் சொன்ன சுப்ரீம் கோர்ட், 2002-ல் அதை மாற்றி, அரசுதான் என்றது. நடுவே 27 ஆண்டுகள்!

தன் அலுவலகம் எந்த வகை என்று தெரியாத மத்திய அரசு ஊழியர், தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். மனு தவறான அலுவலகத்துக்குப் போனாலும், 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அனுப்பியாக வேண்டும். பாக்கிப் பணம் கேட்டு எழுதும் சாதாரண மனுவுக்கு இந்தக் கெடு இல்லை.