நீர் எங்கே போயிற்று?



மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில், அதில் ஊற்றிய நீர் குறைந்துகொண்டே போவது ஒரு பழுதாகக் கருதப்படவில்லை. கார்ல் பென்ஸ் 1886-இல் உரிமம் பெற்ற மூன்று சக்கர வண்டியில், எஞ்சினைச் சூழ்ந்திருந்த நீர் கொதித்து ஆவியாகியே வெப்பத்தை வெளியேற்றிற்று. 1888-இல் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், தம் மைந்தர் இருவருடன் மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு அவ்வண்டியில் சென்றபோது, வழியெல்லாம் நீர் தேடி ஊற்ற வேண்டியதாயிற்று. 1900-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த மெர்ஸிடிஸ் வண்டிக்கு வில்ஹெல்ம் மேபாக் தேனடை போன்ற ரேடியேட்டரை அமைத்தார். அத்தகைய ரேடியேட்டர்கள் பரவிய பின், ஊற்றிய நீரே சுற்றிச் சுற்றி வந்து எஞ்சினைக் குளிர்விக்கலாயிற்று. ஆகவே இன்று ஒரு வண்டியில் நீர் ஓயாமல் குறைகிறதென்றால், அதற்குக் காரணம் ஒன்று இருந்தே தீரும். அதைக் கண்டுபிடிக்கும் முறையே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

எடுத்துக்காட்டாக அம்பாசடர் வண்டியைக் கொள்வோம். 1957 முதல் 2014 வரை உத்தரப்பாராவில் உருவான இவ்வண்டிகளை நம் தெருக்களில் நீங்கள் இன்றும் காணலாம்; என்னிடமும் பழையது ஒன்று உண்டு. அதன் நீர்ப் பம்பு, சிலிண்டர்களைச் சூழ்ந்த அறைகளுக்குள் நீரைச் செலுத்துகிறது. நீர் அங்கிருந்து சிலிண்டர் தலைக்கு ஏறி, தெர்மாஸ்டாட் என்னும் வெப்பக் கதவைக் கடந்து, மேல் ரப்பர் குழாய் வழியாக ரேடியேட்டரை அடைகிறது. அங்கே காற்றிடம் வெப்பத்தை ஒப்படைத்துவிட்டு, கீழ்க் குழாய் வழியாக மீண்டும் பம்புக்கே வந்து சேர்கிறது. எரியும் பெட்ரோல் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இந்நீரே சுமந்து செல்கிறது. நீர் இல்லையேல், சில நிமிடங்களில் சிலிண்டர் தலை வளைந்து எஞ்சின் பாழாகும். எனவே இஃது அலட்சியம் செய்யத்தக்கதன்று.

முதற்கேள்வி இது: நீர் உண்மையிலேயே குறைகிறதா? 20 டிகிரியிலிருந்து 90 டிகிரி சென்டிகிரேடுக்குச் சூடாகும் நீர் நூற்றுக்கு மூன்று பங்குக்குச் சற்று மேலாக விரிகிறது. 8 லிட்டர் கொள்ளும் அமைப்பில் அது கால் லிட்டருக்கு மேல் ஆகும். விரிந்த நீரைத் தாங்கத் தனிக் கலம் இல்லாத பழைய வண்டியில் விளிம்பு வரை நீர் நிரப்பினால், அந்தக் கால் லிட்டர் வழிகுழாய் மூலம் வீதியில் கொட்டிவிடும். மறுநாளும் விளிம்பு வரை நிரப்பினால் மறுநாளும் அவ்வாறே நிகழும். சிறிது இடம் விட்டு நிரப்பி, மட்டம் ஓரிடத்தில் நிலைத்து நிற்கிறதா என்று பாருங்கள். நின்றுவிட்டால் பழுது ஏதும் இல்லை.

இரண்டாம் கேள்வி: நீர் குறைந்ததால் வெப்பம் ஏறிற்றா, அல்லது வெப்பம் ஏறியதால் நீர் குறைந்ததா? காரணத்தையும் காரியத்தையும் இடம் மாற்றிக்கொள்வது ஆராய்ச்சியில் பெரும் பிழை. விசிறிப் பட்டை தளர்ந்தாலும், தெர்மாஸ்டாட் திறவாமல் நின்றாலும், உப்பு நீரின் படிவு ரேடியேட்டரை அடைத்தாலும் நீர் கொதித்து வெளியேறும். ரேடியேட்டர் மூடியையும் மறந்துவிடாதீர்கள். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தத்தைக் காக்கும் மூடியின் கீழ், நீர் சுமார் 111 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் வில் தளர்ந்தாலோ, ரப்பர் வளையம் தேய்ந்தாலோ, அது 100 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும்.

வெப்பமானி ஒழுங்காக நிற்க, நீர் மட்டும் குறையுமானால், கசிவைத் தேட வேண்டும். இரவில் வண்டியின் கீழ்ப் பழைய செய்தித்தாள்களை விரித்து வையுங்கள். காலையில் காணும் ஈரம் இடத்தைச் சுட்டும். குழாய்களின் முனைகள், ரேடியேட்டரின் ஈயப் பற்றுகள், எஞ்சினின் பக்கத்திலுள்ள கோர் பிளக் என்னும் மெல்லிய இரும்புத் தட்டுகள் ஆகியவற்றை விளக்கொளியில் நோக்குங்கள். நீர் உலர்ந்தாலும் அதன் சுவடு உலர்வதில்லை. வெண்மையாகவோ துருச் சிவப்பாகவோ ஒரு கோடு எஞ்சி நிற்கும்.

எங்கள் தெருவில் வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்கும் ஒருவர் ஒருநாள் என்னிடம் வந்து, “ஐயா, கடன் வாங்கி ரேடியேட்டரையே மாற்றியாயிற்று, தண்ணீர் இன்னும் குறைகிறதே!” என்று வருந்தினார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, ஓடிய தூரம், ஊற்றிய நீரின் அளவு ஆகிய மூன்றையும் ஒரு வாரம் எழுதி வரச் சொன்னேன். வண்டி நின்ற நாட்களில் சொட்டு நீரும் குறையவில்லை. ஓடிய நாட்களில், ஓடிய தூரத்துக்கு ஏற்பக் குறைந்திருந்தது. அப்படியானால் குற்றம் சுழலும் உறுப்பில் இருக்கலாம் அன்றோ? பம்பின் அச்சுக்குக் கீழே சிறு துளை ஒன்று உண்டு. உள்ளே அடைப்பு வளையம் தேய்ந்தால், நீர் அத்துளை வழியாகச் சொட்டும். அத்துளையின் கீழே சிவந்த சுவடு நீண்டிருந்தது. ஓடும்போது சொட்டிய நீரை விசிறிக் காற்று சூடான எஞ்சின்மேல் தெளித்து உலர்த்திவிட்டமையால், தரையில் ஈரம் தெரியவில்லை. பம்பைப் பழுது பார்த்ததும் குறைவு நின்றது. முன்னர் அந்த ஒரு வாரத்தைச் செலவிட்டிருந்தால், அவ்வேழைக்குக் கடன் மிஞ்சியிராது.

கண்ணுக்குப் புலப்படாத கசிவுக்கு அழுத்தச் சோதனை உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி, மூடிக்குரிய அழுத்தம் வரை காற்றேற்றி, கால் மணி நேரம் முள்ளைக் கவனிக்க வேண்டும். முள் இறங்கியும் வெளியே ஈரம் காணவில்லையெனில், நீர் எஞ்சினுக்குள்ளேயே புகுகிறது என்று ஐயுறலாம். சிலிண்டர் தலைக்கும் உடலுக்கும் நடுவேயுள்ள கேஸ்கெட் பழுதுற்றிருக்கக்கூடும்.

இதற்குச் சான்று தேடுகையில் அவசரம் கூடாது. காலையில் புகைக்குழாயில் நீர் சொட்டுவதைக் கண்டு அஞ்ச வேண்டா. 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 1 லிட்டர் நீர் உண்டாகும் என்பது இரசாயனம். எஞ்சின் நன்கு சூடேறிய பின்னும் வெண்புகை ஓயாதிருத்தல், அளவுகோலில் எண்ணெய் பால்போல் வெளுத்திருத்தல், ரேடியேட்டர் நீரில் விடாது குமிழிகள் எழுதல் ஆகியவையே தக்க சான்றுகள். கரியமில வாயு சுண்ணாம்பு நீரைப் பால்நிறமாக்குவதைப் பள்ளியில் கண்டிருப்பீர்கள். அதுபோன்றே, ரேடியேட்டரின் மேலுள்ள காற்றைப் புரோமோதைமால் நீலம் என்னும் நிறங்காட்டி கலந்த நீரில் செலுத்துவர். எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும்.

ஓர் எச்சரிக்கை. சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறவாதீர்கள். அழுத்தம் நீங்கிய கணமே, 100 டிகிரிக்கு மேற்பட்ட நீரில் ஒரு பகுதி ஆவியாகிச் சீறும். ஒரு பங்கு நீர் ஏறத்தாழ 1,600 பங்கு ஆவியாக விரியும். அது முகத்தையும் கண்ணையும் வேகவைத்துவிடும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் இரும்பும் வெடிக்கக்கூடும். வண்டியை நிறுத்திக் குளிரும் வரை காத்திருப்பதே அறிவுடைமை.

எளிய சோதனை முதலில், அரிய சோதனை பின்னர். பிரித்தெடுப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். இம்முறையைக் கையாள விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. பழைய செய்தித்தாளும், ஒரு நோட்டுப் புத்தகமும், பொறுமையும் போதும். அடுத்த முறை உங்கள் வீட்டாரோ அண்டையாரோ “தண்ணீர் குறைகிறது” என்று சொன்னால், எந்த உறுப்பை மாற்றுவது என்று கேளாதீர்கள். எப்பொழுது குறைகிறது, எவ்வளவு குறைகிறது என்று கேளுங்கள்.