ஏற்றம் அறிந்து மிதிப்போம்: மலைச் சரளைப் பாதையும் இதய நலமும்

இதயக் குழாய் அடைப்பு நீக்கப்பட்டு ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள் முதல் சில வாரங்களில் எங்களிடம் கேட்பவை பெரும்பாலும் உணவையும் மாத்திரைகளையும் பற்றிய கேள்விகளே. சில மாதங்கள் கழிந்து உடல் தேறியபின் கேள்விகள் மாறுகின்றன. படியேறலாமா, பயணம் போகலாமா, மிதிவண்டி ஓட்டலாமா என்கிறார்கள். ஐரோப்பாவில் பணிபுரியும் பிள்ளைகளிடம் சென்று தங்க இருப்பவர்கள், அங்குள்ள மலைப்பாங்கான சரளைப் பாதைகளில் பிள்ளைகளோடு மிதிவண்டியில் செல்ல முடியுமா என்றும் கேட்பதுண்டு. கேட்பவருக்கு அது வாழ்வு மீண்டதன் அடையாளம். உடன் வந்திருக்கும் குடும்பத்தாருக்கோ, மீண்டும் ஒரு மாரடைப்பு வந்துவிடுமோ என்ற அச்சம்.

இருவர் பக்கமும் நியாயம் உண்டு. அளவான உடற்பயிற்சி இதய நோய்க்கு மருந்தைப் போலவே இன்றியமையாதது. ஆனால் மருந்துக்கு அளவு இருப்பதுபோல் பயிற்சிக்கும் அளவு உண்டு. மலைப்பாதையில் அந்த அளவைத் தீர்மானிப்பது எத்தனை கிலோமீட்டர் சென்றோம் என்பதைவிட, எவ்வளவு செங்குத்தாக ஏறினோம் என்பதே. இதனை விளக்க, இத்தகைய பயணத்துக்குப் பெயர்பெற்ற ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம்.

கரோச்சா: எரிமலைகள் அடங்கிய நிலம்

ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கில், கத்தலோனியாவில் உள்ள கரோச்சா வட்டாரத்தில் ஏறத்தாழ 40 எரிமலைக் குன்றுகள் உள்ளன. கடைசி வெடிப்பு நிகழ்ந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்று அக்குன்றுகள் மரஞ்செடிகளால் மூடப்பட்டுக் கிடக்கின்றன. சாந்தா மார்கரிதா என்னும் எரிமலையின் வாய்க்குள் புல்வெளியும் அதன் நடுவே ஒரு சிறு கற்கோயிலும் காணப்படுகின்றன. பழைய எரிமலைக் குழம்பு இறுகிய மேடுபள்ளங்களின்மீது அடர்ந்த பீச் மரக்காடு வளர்ந்திருக்கிறது. காட்டினூடே செல்லும் மண்பாதைகளில் மோட்டார் வாகனங்கள் அரிது. சரளைப் பாதைக்கென அகன்ற டயர்களோடு செய்யப்பட்ட மிதிவண்டிகளில் பலர் இங்கு வருகிறார்கள்.

இப்பகுதியின் பாதைகள் சில நூறு மீட்டர் உயரத்திலேயே உள்ளன. எனவே காற்றில் ஆக்சிஜன் குறையுமோ என்று கவலைப்பட வேண்டியதில்லை. கருத வேண்டியது உயரத்தை அன்று, சரிவையே.

இரு வகை ஏற்றங்கள்

கரோச்சாவின் முதன்மை நகரான ஒலோத்தையும் ஜிரோனா நகரையும் இணைத்த குறுகிய இருப்புப்பாதை 1911ஆம் ஆண்டு முழுமை பெற்றது, 1969இல் மூடப்பட்டது. தண்டவாளங்கள் அகற்றப்பட்ட அவ்வழி இன்று சுமார் 54 கிலோமீட்டர் நீளமுள்ள மிதிவண்டிப் பாதையாக விளங்குகிறது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு. ஆகவே ரயில்பாதை அமைப்போர் மலையை நேராக ஏறாமல், சுற்றி வளைத்து மெல்ல மெல்ல ஏறுமாறு வழி வகுப்பார்கள். நீராவி எஞ்சினுக்காகச் செய்யப்பட்ட அந்த ஏற்பாடு இன்று நோயிலிருந்து தேறியவரின் இதயத்துக்கும் உதவுகிறது.

எரிமலைக் குன்றின் சரிவு இதற்கு நேர்மாறானது. வெடித்துச் சிதறிய கற்துகள்கள் குவிந்து உருவான கூம்பு இயல்பாகவே செங்குத்தானது. அதன் ஓரமாக ஏறும் பாதைகள் நீளத்தில் குறைவு, கடுமையில் மிகுதி.

இந்த வேறுபாட்டை எண்களால் பார்ப்போம். ஒருவரின் எடை 75 கிலோ, மிதிவண்டியும் உடைமைகளும் 15 கிலோ என்று கொள்வோம். நூறு மீட்டருக்கு 2 மீட்டர் உயரும் ரயில்வழிச் சரளையில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல அவருக்கு ஏறத்தாழ 60 வாட் ஆற்றல் போதும். விரைவாக நடப்பதற்கு இணையான உழைப்பு அது. நூறு மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் சரிவில் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்துக்கே 150 வாட்டுக்கு மேல் தேவை. வேகம் குறைந்தும் உழைப்பு இரண்டரை மடங்காகிறது.

இன்னும் மெதுவாகச் செல்லலாமே என்று தோன்றலாம். அதற்கும் கீழே வேகம் குறைந்தால் சரளையில் மிதிவண்டி தடுமாறிச் சாயும். மென்சரிவில் உழைப்பின் அளவை ஓட்டுபவர் முடிவு செய்கிறார்; செங்குத்துச் சரிவில் அதைச் சரிவே முடிவு செய்துவிடுகிறது. ஆகவே செங்குத்தான இடம் வந்தால் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து, வேண்டிய இடத்தில் நின்று இளைப்பாறுங்கள். மிதிக்கும்போது உதவும் மின்மோட்டார் பொருத்திய மிதிவண்டியும் நல்ல துணை. ஐரோப்பிய விதிகளின்படி அதன் உதவி மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தோடு நின்றுவிடும்.

நாடித்துடிப்பை மட்டும் நம்பலாகாது

மாரடைப்புக்குப் பின் பலருக்கு பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள் தரப்படுகின்றன. இவை நாடித்துடிப்பு உயர்வதைத் தடுப்பவை. உடல் கடுமையாக உழைத்துக்கொண்டிருந்தாலும் கைக்கடிகாரம் காட்டும் எண் குறைவாகவே இருக்கும். வயதை வைத்துக் கணக்கிடும் பொது இலக்குகள் இவர்களுக்குப் பொருந்தா.

பேச்சே எளிய அளவுகோல். மிதித்துக்கொண்டே முழு வாக்கியங்களாகப் பேச முடிந்தால் உழைப்பு அளவோடு இருக்கிறது. இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அளவு மீறிவிட்டது. அருகில் வரும் துணைவரும் இதைக் கேட்டே அறிந்துகொள்ளலாம்.

ஏற்றத்தின் உச்சியை அடைந்தவுடன் சட்டென்று நின்றுவிடாமல், 5 முதல் 10 நிமிடம் மெதுவாக மிதித்து உடலை ஆற்றுங்கள். திடீரென நின்றால் இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றல் வரக்கூடும்.

இறக்கத்தில் காத்திருக்கும் ஆபத்து

ஏற்றம் இதயத்தைச் சோதிக்கும். இறக்கம் எலும்பையும் தலையையும் சோதிக்கும். தளர்ந்த எரிமலைச் சரளையில் முன்சக்கரத் தடையை மட்டும் அழுத்தினால் சக்கரம் வழுக்கும். இரு தடைகளையும் மெல்லப் பயன்படுத்துங்கள்.

ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள் இரத்தத் தட்டுகள் ஒட்டாமல் தடுக்கும் மருந்துகளை உட்கொள்கிறார்கள். சிலர் இரத்த உறைவைத் தடுக்கும் மருந்தும் எடுக்கிறார்கள். இவர்களுக்குத் தலையில் அடிபட்டால் வெளியே காயம் தெரியாவிட்டாலும் உள்ளே இரத்தம் கசியலாம். எனவே தலைக்கவசம் கட்டாயம். விழுந்து தலையில் அடிபட்டால், நலமாகத் தோன்றினாலும் அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். பயணத்துக்காக இம்மருந்துகளை ஒரு நாளும் தாமாக நிறுத்தக் கூடாது.

பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்களின் மார்பெலும்பு கூடுவதற்கு இரண்டு, மூன்று மாதங்களாகும். எங்கள் ஒப்புதல் பெறும்வரை அவர்கள் சாலையிலும் சரளையிலும் மிதிவண்டி ஓட்டலாகாது.

அமைதியின் மறுபக்கம்

ஆளரவமற்ற பாதை மனத்துக்கு இதம் தருகிறது. அதே பாதையில் உதவி வந்து சேரவும் நேரமாகும். தனியே செல்லாதீர்கள். வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிச் செல்லுங்கள். ஸ்பெயின் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளில் அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸுக்கு 108.

மார்பில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமற்ற குளிர்வியர்வை, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே நின்று உட்காருங்கள். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை உங்களுக்குத் தரப்பட்டிருந்தால் உட்கார்ந்த நிலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 5 நிமிடத்தில் வலி தணியாவிட்டால் அவசர எண்ணை அழையுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்கள் குளுக்கோஸைக் கையோடு வைத்திருக்க வேண்டும்.

புறப்படுமுன்

- பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே எங்களைச் சந்தியுங்கள். டிரெட்மில் பரிசோதனையின் மூலம் உங்கள் இதயம் தாங்கும் உழைப்பின் அளவை அறியலாம்.
- ஓய்வில் இருக்கும்போதே மார்புவலி வருபவர்கள், கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பு அல்லது துடிப்புக் கோளாறு உள்ளவர்கள், பெருந்தமனி வால்வு மிகவும் சுருங்கியவர்கள் இப்பயணத்தைத் தவிர்க்க வேண்டும்.
- முதலில் சமதளத்தில் 20 நிமிடம் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். அதன்பின் மென்சரிவு, பின்னரே சரளை.
- மருந்துப் பட்டியலையும் ஸ்டென்ட் அட்டையையும் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல். முற்றிலும் தடுத்தால் சிலர் உங்களுக்குத் தெரியாமல் தனியே சென்றுவிடுகிறார்கள், அதுவே பேராபத்து. எந்தப் பாதை, எவ்வளவு சரிவு, எங்கே இறங்கி நடப்பது என்பதை அவரோடு அமர்ந்து முன்பே முடிவு செய்யுங்கள். அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது செல்லவிருக்கும் பாதையின் வரைபடத்தையும் கொண்டுவாருங்கள். பரிசோதனை முடிவோடு அதை ஒப்பிட்டு, உங்கள் அளவு எதுவென்று சேர்ந்தே கணிப்போம்.