அத்தைக்கு வந்த நோய் எனக்கும் வருமா?

தோட்டப்புறக் குடும்பங்களில் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தால், அதை வெளியே சொல்லத் தயங்குவோர் இன்றும் உண்டு. "பரம்பரை நோய் என்று தெரிந்தால் பிள்ளைக்கு வரன் அமையாதே!" என்ற பயம்தான் காரணம். நோய் அத்தைக்கு என்றால், "அது அப்பா வழி, நமக்கென்ன?" என்று மருமகளும் இருந்து விடுகிறாள். இரண்டுமே தவறு. மரபணுவில் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருகிறது.

பெண்ணின் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன், மார்பக உயிரணுக்களைப் பெருகத் தூண்டுகிறது. பெருகும் ஒவ்வொரு முறையும் மரபணு நகலெடுக்கப்படுகிறது. நகலில் எப்போதாவது பிழை நேரலாம். அப்பிழைகள் சேரும்போதுதான் புற்றுநோய் உருவாகிறது.

இந்த ஹார்மோனை உற்பத்தி செய்யவும், அதன் கட்டளையை ஏற்கவும் தனித்தனி மரபணுக்கள் உள்ளன. அவற்றில் ஆளுக்கு ஆள் சிறு வேறுபாடுகள் உண்டு. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி மரபணுவுக்கு அருகில் அத்தகைய வேறுபாடு ஒன்று இருப்பதை 2009இல் ஷாங்ஹாய் பெண்களிடையே நடந்த ஆய்வு கண்டறிந்தது. ஆனால், இப்படிப்பட்ட ஒரு வேறுபாடு மட்டும் நோயை உண்டாக்கி விடாது. பல வேறுபாடுகள் ஒன்றுசேர்ந்தால்தான் ஆபத்து கூடும்.

1994, 1995ஆம் ஆண்டுகளில் கண்டறியப்பட்ட பி.ஆர்.சி.ஏ. 1, 2 மரபணுக்களின் கதை வேறு. இவை டி.என்.ஏ.வைப் பழுதுபார்ப்பவை. இவற்றில் கோளாறு உள்ள பெண்களில் பத்தில் ஏழு பேருக்கு 80 வயதுக்குள் நோய் வரக்கூடும். எனினும், மார்பகப் புற்றுநோய்களில் சிறு பங்கே இவற்றால் வருகிறது.

நம் நாட்டிலும் 2002 முதல் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் மலாய், சீன, இந்தியப் பெண்களிடம் மரபணு ஆய்வு நடந்து வந்துள்ளது. கேன்சர் ரிசர்ச் மலேசியாவின் பேராசிரியர் தியோ சூ ஹுவாங் இம்முயற்சிக்குத் தலைமையேற்றவர். இப்பெண்களையும் சேர்த்து 2020இல் வெளியான ஆய்வில், சிறு வேறுபாடுகளை அதிகம் சுமக்கும் நூற்றில் ஒரு பெண்ணுக்கு, நடுத்தர நிலையில் உள்ளவரைவிட 2.7 மடங்கு ஆபத்து இருப்பது தெரிந்தது.

மரபணு மட்டுமே விதியா? இல்லை. புக்கிட் ஆசாஹானில் பால்மரம் வெட்டிய பாட்டி, இளவயதில் மணமாகி ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் பாலூட்டியிருப்பார். பத்து பெரெண்டாம் தொழிற்சாலைக்குப் போகும் பேத்தி முப்பதைத் தாண்டி ஒரு பிள்ளை பெறுகிறாள். மரபணு அதேதான், ஆனால் பேத்தியின் உடல் ஈஸ்ட்ரோஜனைச் சந்திக்கும் மாதங்கள் அதிகம். மாதவிடாய் நின்றபின் உடல் கொழுப்பிலும் இந்த ஹார்மோன் உருவாவதால், எடையைக் கட்டுப்படுத்துவதும் உதவும்.

2012 முதல் 2016 வரை மலேசியாவில் நோய் கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் வந்தனர். மறைப்பதால் இழப்பது இந்தக் காலத்தைத்தான்.

ஆகவே, குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில் இந்நோய் வந்தது என்பதை இருவழி உறவினரிடமும் கேட்டுக் குறித்து வையுங்கள். அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் தாதியிடமோ மருத்துவரிடமோ அதைச் சொல்லி, மார்பகப் பரிசோதனை செய்து கொள்ளுங்கள். அத்தை மறைக்காமல் சொல்லும் ஒரு வார்த்தை, மருமகளின் உயிரைக் காக்கலாம்.