பூக்களைக் கொண்டு மணப்பொருட் செடிகளை இனங்காணல்

பூக்களைக் கொண்டு மணப்பொருட் செடிகளை இனங்காணல் என்பது, சமையலில் பயன்படும் மூலிகைகள், நறுமணப் பொருட்கள் ஆகியவற்றைத் தரும் செடிகளை அவற்றின் பூவின் அமைப்பைக் கொண்டு அறியும் முறையாகும். சமையலறையில் இப்பொருட்கள் விதையாகவோ, காய்ந்த இலையாகவோ, கிழங்காகவோ, பட்டையாகவோ கிடைப்பதால், அவற்றின் பூக்களைப் பலரும் கண்டிருப்பதில்லை. எனினும் ஒரு செடி எந்தத் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை உறுதியாகக் காட்டும் உறுப்புகளுள் பூவே முதன்மையானது. உண்ணத்தக்க செடியையும் அதனை ஒத்த நச்சுச் செடியையும் பிரித்தறிய இவ்வறிவு உதவுகிறது.

== பூவின் சிறப்பு ==

இலையின் அளவும் நிறமும் மண், நிழல், செடியின் வயது ஆகியவற்றுக்கு ஏற்ப மாறக்கூடியவை. பூவின் அடிப்படை அமைப்போ அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் கார்ல் லின்னேயசு 1735 ஆம் ஆண்டில் வெளியிட்ட வகைப்பாட்டு முறை, மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் அடிப்படையாகக் கொண்டு தாவரங்களை 24 வகுப்புகளாகப் பிரித்தது. இன்று மரபணு ஆய்வுகள் வகைப்பாட்டின் அடிப்படையாகிவிட்டன. ஆயினும் வயலில் நின்று ஒரு செடியை அறிய முயல்பவருக்குப் பூவே இன்றும் சிறந்த வழிகாட்டியாகும்.

மணம் மட்டும் போதுமான சான்று ஆகாது. கற்பூரவள்ளி இலை ஓமத்தைப் போல மணப்பதால் ஓமவல்லி என்றும் அழைக்கப்படுகிறது. ஆனால் ஓமத்தின் பூ குடை வடிவக் கொத்தில் அமைவது. கற்பூரவள்ளியின் பூவோ உதடு போன்ற இதழ்களை உடையது. இவை இரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. ஒத்த வேதிப்பொருட்கள் உறவில்லாத செடிகளிலும் உருவாகலாம் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

== கவனிக்க வேண்டியவை ==

* பூக்கள் தனித்துள்ளனவா, கொத்தாக உள்ளனவா. கொத்தின் வடிவம் குடையா, கதிரா
* அல்லி இதழ்களின் எண்ணிக்கை; அவை ஒரே அளவினவா
* மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையும் நீளமும்
* சூற்பை இதழ்களுக்கு மேலே உள்ளதா, கீழே உள்ளதா
* பூங்கொத்து தண்டின் நுனியிலிருந்து எழுகிறதா, அடியிலிருந்து எழுகிறதா

நிறத்தை இறுதியாகவே கருத வேண்டும். ஒரே இனத்திலும் நிறம் வேறுபடுவதுண்டு.

== முதன்மையான குடும்பங்கள் ==

=== குடைப்பூக் குடும்பம் ===

கொத்தமல்லி, சீரகம், பெருஞ்சீரகம் (சோம்பு), சதகுப்பை, ஓமம், பெருங்காயம் ஆகியவற்றைத் தரும் செடிகள் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இதன் அறிவியற் பெயர் ஏபியேசியே. பூக்காம்புகள் ஒரே புள்ளியிலிருந்து குடைக்கம்பிகள் போல விரிகின்றன. பெரும்பாலும் ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் ஒரு சிறு குடை அமைகிறது. ஒவ்வொரு பூவிலும் 5 இதழ்களும் 5 மகரந்தத்தாள்களும் உள்ளன. சூற்பை இதழ்களுக்குக் கீழே அமைந்துள்ளது. நாம் விதை என்று கூறும் சீரகமும் சோம்பும் உண்மையில் இரண்டாகப் பிளக்கும் காய்ந்த கனியின் பாதிகளாகும்.

குடும்பத்திற்குள் பின்வருமாறு பிரித்தறியலாம். கொத்தமல்லியின் பூ வெண்மை அல்லது இளஞ்சிவப்பு நிறமுடையது. குடையின் விளிம்பிலுள்ள பூக்களில் வெளிப்புற இதழ்கள் மட்டும் பெரியனவாக நீண்டிருக்கும். சீரகத்தின் குடையில் கம்பிகள் குறைவு; அதன் அடியில் நூல் போன்ற நீண்ட பூவடிச் செதில்கள் காணப்படும். பெருஞ்சீரகமும் சதகுப்பையும் மஞ்சள் நிறப் பூக்களை உடையவை. இவ்விரண்டிலும் குடையின் அடியில் செதில்கள் இருப்பதில்லை. எனவே இவை இரண்டையும் பூவால் மட்டும் பிரிப்பது கடினம். கசக்கிய இலையின் மணமும் கனியின் வடிவமும் துணை செய்யும். சதகுப்பையின் கனி தட்டையானது. பெருஞ்சீரகத்தின் கனி பருத்து நீண்டது.

=== உதட்டுப்பூக் குடும்பம் ===

புதினா, திருநீற்றுப்பச்சை, துளசி, கற்பூரவள்ளி, தைம், ரோசுமேரி ஆகியவை லேமியேசியே குடும்பத்தைச் சேர்ந்தவை. அல்லி வட்டம் மேலுதடு, கீழுதடு எனப் பிரிந்திருப்பதே இக்குடும்பத்தின் முதன்மை அடையாளம். பெரும்பாலானவற்றில் 4 மகரந்தத்தாள்கள் உள்ளன. அவற்றுள் இரண்டு நீண்டும் இரண்டு குட்டையாகவும் இருக்கும். நான்கு பட்டையான தண்டும் எதிரெதிராக அமைந்த இலைகளும் கூடுதல் அடையாளங்களாகும்.

புதினாவின் பூ இவ்விதிக்குச் சற்று விலக்கானது. அதன் நான்கு இதழ்ப் பிரிவுகளும் மகரந்தத்தாள்களும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால் உதட்டமைப்பு தெளிவாகத் தெரியாது. ரோசுமேரியில் 2 மகரந்தத்தாள்களே உள்ளன. சால்வியா பேரினத்திலும் இவ்வாறே உள்ளது. மரபணுச் சான்றுகளின் அடிப்படையில் 2017 ஆம் ஆண்டில் ரோசுமேரி அப்பேரினத்தில் சேர்க்கப்பட்டது. பூ முன்பே உணர்த்திய உறவை மரபணு ஆய்வு உறுதிப்படுத்தியது எனலாம்.

=== இஞ்சிக் குடும்பம் ===

இஞ்சி, மஞ்சள், ஏலம், அரத்தை ஆகியவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் பூவில் வளமான மகரந்தத்தாள் ஒன்றே ஒன்று. பூவில் பெரிய இதழ் போலக் கண்ணைக் கவரும் பகுதி உண்மையில் இதழ் அன்று. மலட்டு மகரந்தத்தாள்கள் இணைந்து உருவான உறுப்பாகும்.

பூங்கொத்து எழும் இடம் இங்குச் சிறந்த அடையாளம். இஞ்சியில் அது இலைத்தண்டிலிருந்து விலகி, கிழங்கிலிருந்து தனித்தண்டாக எழுகிறது. மஞ்சளில் இலைகளின் நடுவிலிருந்து எழுகிறது; மேற்பகுதியிலுள்ள வெண்ணிற அல்லது இளஞ்சிவப்புச் செதில்களையே பலர் பூ எனக் கருதுவர். உண்மையான மஞ்சள் நிறப் பூக்கள் கீழுள்ள பச்சைச் செதில்களுக்குள் அமைந்துள்ளன. ஏலத்தில் பூங்கொத்து செடியின் அடியிலிருந்து தோன்றுகிறது. பெரும்பாலும் தரையை ஒட்டியே படர்கிறது. அரத்தையில் இலைத்தண்டின் நுனியில் பூக்கள் தோன்றுகின்றன.

=== கடுகுக் குடும்பம் ===

கடுகுப் பூவில் 4 மஞ்சள் இதழ்கள் சிலுவை வடிவில் அமைந்துள்ளன. மகரந்தத்தாள்கள் 6, அவற்றுள் 4 நீண்டவை, 2 குட்டையானவை. இவ்வமைப்பு பிராசிகேசியே குடும்பத்தின் தனி அடையாளமாகும்.

=== பிற ===

வெந்தயத்தின் பூ அவரைப் பூவின் வடிவில் வெளிர் மஞ்சளாக இருக்கும். மிளகுக் கொடியில் இலைக்கு எதிரே தொங்கும் கதிரில் இதழ்களே இல்லாத மிகச் சிறு பூக்கள் நெருங்கி அமைகின்றன. சாதிக்காய் மரத்தில் ஆண் மரமும் பெண் மரமும் பெரும்பாலும் தனித்தனியானவை. விதையிலிருந்து வளர்ந்த மரம் காய்க்குமா என்பது அது சில ஆண்டுகள் கழித்துப் பூத்த பின்னரே தெரிய வருகிறது. இதனாலேயே பயிரிடுவோர் ஒட்டுச்செடிகளை விரும்புகின்றனர்.

== பூவே மணப்பொருளாக அமைபவை ==

கிராம்பு என்பது விரியாத பூமொட்டு. அதன் நுனியில் தோன்றும் உருண்டை, மூடிய 4 அல்லி இதழ்களாலானது; அதனைச் சுற்றியுள்ள நான்கு முனைகளும் புல்லி இதழ்கள். பூ விரிவதற்கு முன்பே மொட்டுகள் பறிக்கப்படுகின்றன. குங்குமப்பூ என விற்கப்படுவது ஊதா நிறப் பூவின் சிவந்த சூல்முடியாகும். ஒரு பூவில் இத்தகைய மூன்று இழைகளே உள்ளன. ஒரு கிராம் பெற ஏறத்தாழ 150 பூக்கள் தேவைப்படும்.

பெயரில் 'பூ' இருப்பினும் அன்னாசிப்பூ பூ அன்று. அது காய்ந்த கனி. அவ்வாறே சாதிபத்திரி என்பது இலை அன்று. விதையைச் சூழ்ந்த மேலுறையாகும்.

== நச்சுச் செடிகளுடன் மயக்கம் ==

'''பிரமதண்டு:''' குடியோட்டிப் பூண்டு எனவும் அழைக்கப்படும் இம்முட்செடியின் விதை கடுகைப் போலவே சிறிதாகவும் கருமையாகவும் இருக்கும். இதன் எண்ணெய் கடுகெண்ணெயில் கலந்தால் கால் வீக்கமும் இதயப் பாதிப்பும் உண்டாகும். 1998 ஆம் ஆண்டில் தில்லியில் இத்தகைய கலப்பினால் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். விதையில் தோன்றும் மயக்கம் பூவில் இல்லை. பிரமதண்டின் மஞ்சள் பூவில் பொதுவாக 6 இதழ்களும் எண்ணற்ற மகரந்தத்தாள்களும் உள்ளன. தண்டை ஒடித்தால் மஞ்சள் நிறப் பால் வடியும். எனவே பூக்கும் காலத்தில் கடுகு வயலிலிருந்து இதனைக் களைவது எளிது.

'''எம்லாக்:''' ஐரோப்பா, மேற்காசியா ஆகிய பகுதிகளுக்குரிய இக்கொடிய நச்சுச்செடி குடைப்பூக் குடும்பத்தைச் சேர்ந்தது. கி.மு. 399 இல் சாக்கிரட்டீசுக்குக் கொடுக்கப்பட்ட நஞ்சு இதனுடையது எனக் கருதப்படுகிறது. இதன் வெண்ணிறக் குடையும் ஓமம் போன்றவற்றின் குடையும் மேலோட்டமாக ஒன்றுபோலவே தோன்றும். மயிர்களற்ற தண்டில் காணப்படும் செவ்வூதாப் புள்ளிகளும் கசக்கும்போது எழும் தீய நாற்றமும் இதனைக் காட்டிக்கொடுக்கும்.

'''கோல்ச்சிக்கம்:''' இதன் பூ குங்குமப்பூச் செடியின் பூவைப் போன்றே இலையுதிர்காலத்தில் ஊதா நிறத்தில் பூக்கும். மகரந்தத்தாள்களை எண்ணினால் வேறுபாடு தெளிவாகும்: குங்குமப்பூவில் 3, கோல்ச்சிக்கத்தில் 6. இது செங்காந்தளின் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டிலும் கோல்ச்சிசின் என்னும் நஞ்சு உள்ளது.

== வரம்புகள் ==

பூ குடும்பத்தை உறுதியாகக் காட்டினாலும், இனத்தை எப்போதும் காட்டிவிடாது. குடைப்பூக் குடும்பத்தில் உணவும் நஞ்சும் அடுத்தடுத்து இருப்பதால், குடும்பம் தெரிந்தவுடன் செடியை உண்ணத்தக்கது என முடிவு செய்வது ஆபத்தானது. தண்டு, கனி, மணம் ஆகிய அனைத்தும் ஒத்துப்போக வேண்டும்.

எல்லாச் செடிகளிலும் பூவை எதிர்பார்க்கவும் இயலாது. பயிரிடப்படும் இஞ்சி அரிதாகவே பூக்கிறது. எம்லாக் பொதுவாக முதலாண்டில் பூப்பதில்லை. கல்பாசி ஒரு பாசிக்காளான் (இலைக்கன்) ஆதலால் அதற்குப் பூவே கிடையாது. கடையில் வாங்கும் காய்ந்த பொருட்களுக்கும் இம்முறை பயன்படாது. அன்னாசிப்பூவையும் அதனை ஒத்த நச்சுடைய சப்பானிய இனத்தின் கனியையும் கண்ணால் பிரிப்பது கடினமாகையால், அங்கு ஆய்வகச் சோதனையே தேவைப்படுகிறது.

== இவற்றையும் பார்க்க ==

* பூ
* மஞ்சரி
* தாவர வகைப்பாட்டியல்
* நறுமணப் பொருள்
* உணவுக் கலப்படம்