பழைய சங்கிலி ரம்பங்களுக்கு மறுவாழ்வு

சங்கிலி ரம்பம், பேச்சு வழக்கில் செயின் சா, பெரும்பாலும் பெட்ரோல் எஞ்சினின் விசையால் பற்சங்கிலியைச் சுழற்றி மரம் அறுக்கும் கருவி. புயலடித்த மறுநாள் சாலையில் சாய்ந்து கிடக்கும் மரங்களை அகற்ற வருவோரின் கையில் இதைப் பார்க்கலாம். ஒருவர் எளிதாகத் தூக்கிச் செல்லும் வடிவத்துக்கு இந்த இயந்திரம் வந்து சேர ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அந்தக் காலத்து ரம்பங்களையும், அவற்றை அடுத்து 1980-கள் வரை வந்தவற்றையும் தேடிச் சேர்த்து, பழுது நீக்கி, மீண்டும் ஓடவைப்பது அமெரிக்கா, கனடா, ஜெர்மனி, சுவீடன், பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் பலரும் விரும்பி ஈடுபடும் பொழுதுபோக்கு. மரத்தொழில் செழித்த நாடுகள் இவை. ஓய்வுபெற்ற ரம்பங்கள் பண்ணைக் கொட்டகைகளில் முடங்கிக் கிடப்பதும் இங்கேதான். சேகரிப்பவர் ரம்பத்தை அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதோடு நிறைவடைவதில்லை. ஸ்டார்டர் கயிற்றை இழுத்தால் எஞ்சின் ஓட வேண்டும், சங்கிலி மரத்தை அறுக்க வேண்டும். அப்போதுதான் வேலை முடிந்ததாகக் கருதுவார்.

இருவர் சுமந்த காலம்

சங்கிலியைக் கொண்டு அறுக்கும் யோசனை முதலில் மருத்துவத்தில் தோன்றியது. 1830 வாக்கில் ஜெர்மானிய மருத்துவர் பெர்ன்ஹார்ட் ஹைனே, எலும்பை அறுப்பதற்காகக் கைப்பிடியால் சுழற்றும் சிறு சங்கிலிக் கருவி ஒன்றைச் செய்தார். காட்டுக்குள் இந்த யோசனை நுழைய மேலும் ஒரு நூற்றாண்டு ஆனது. 1926-இல் ஸ்டுட்கார்ட் நகரில் தொழில் தொடங்கிய ஆண்ட்ரியாஸ் ஸ்டில், மின்சாரத்தில் ஓடும் ரம்பத்தைச் செய்தார். அதன் எடை 64 கிலோ. மறு ஆண்டு எமில் லெர்ப், துரிங்கியா மாநிலத்தின் டோல்மார் மலையில் பெட்ரோல் ரம்பம் ஒன்றை ஓட்டிப் பார்த்தார். அந்த மலையின் பெயரே அவருடைய நிறுவனத்தின் பெயராயிற்று. 1929-இல் ஸ்டில் நிறுவனமும் 46 கிலோ எடையில் பெட்ரோல் ரம்பத்தைக் கொண்டுவந்தது.

இவற்றை இயக்க இருவர் தேவைப்பட்டனர். எஞ்சின் பக்கம் ஒருவர் நிற்பார். சங்கிலி ஓடும் நீண்ட எஃகுத் தகட்டின் மறுமுனையில் உள்ள கைப்பிடியை இன்னொருவர் பிடிப்பார். அந்தத் தகட்டுக்குப் பார் என்று பெயர். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் ரம்பங்களின் வரத்து நின்றதும் பிற நாடுகள் சொந்தமாகச் செய்யத் தொடங்கின. கனடாவின் வான்கூவர் நகரில் ஐ.இ.எல். நிறுவனம் இறங்கியது. அமெரிக்காவில் கைரம்பங்களுக்குப் பெயர்போன டிஸ்டன் நிறுவனம், மெர்குரி படகு எஞ்சின்களைத் தயாரித்த கீக்ஹேஃபர் நிறுவனத்தோடு சேர்ந்து ராணுவத்துக்கு ரம்பங்கள் செய்துகொடுத்தது. டிஸ்டன்-மெர்குரி இருவர் ரம்பம் இன்றும் சேகரிப்பாளர்களின் கண்காட்சிகளில் முன்வரிசையில் இடம்பெறுகிறது.

எடை குறைந்த வரலாறு

போருக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளே சேகரிப்பாளர்களுக்கு மிகப் பிடித்த காலம். முதல் பெரிய மாற்றம் சங்கிலியில் நிகழ்ந்தது. அதுவரை இருந்த சங்கிலியின் பற்கள் கைரம்பத்தின் பற்களைப் போல மரத்தைச் சுரண்டின, விரைவில் மழுங்கின, கூர்தீட்டவும் நெடுநேரம் ஆனது. ஜோசப் காக்ஸ் என்பவர் 1946-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலக் காட்டில், மரக்கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டின் புழுவைக் கூர்ந்து கவனித்தார். அதன் இரு தாடைகளும் வளைந்த வடிவில் இருந்தன. இடமும் வலமுமாக மாறி மாறி மரத்தை வெட்டியபடி, ரேகையின் போக்கிலும் குறுக்கிலும் அது தடையின்றி முன்னேறியது. அதே வளைவை எஃகில் செய்து, இடப்பல்லும் வலப்பல்லும் மாறி மாறி வரும் சங்கிலியை அவர் உருவாக்கினார். 1947-இல் போர்ட்லேண்ட் நகரில் அவர் தொடங்கிய தொழிலே பின்னாளில் ஆரிகன் என்ற பெயரில் உலகமெங்கும் சங்கிலி விற்கும் நிறுவனமாக வளர்ந்தது.

அடுத்த மாற்றம் கார்புரேட்டரில் வந்தது. பழைய கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தை மிதவை ஒன்று கட்டுப்படுத்தியது. எஞ்சினைச் சாய்த்தால் மிதவை வேலை செய்யாது. ஆகவே நின்ற மரத்தைக் குறுக்கே வெட்டும்போது எஞ்சினை நேராக வைத்துக்கொண்டு, பாரை மட்டும் திருப்பிக்கொள்ளும் அமைப்பு தேவைப்பட்டது. மெல்லிய சவ்வால் இயங்கும் டயாபிரம் கார்புரேட்டர் வந்ததும் எஞ்சினை எந்தப் பக்கமும் சாய்க்க முடிந்தது. டில்லட்சன் நிறுவனத்தின் எச்.எல். வகைக் கார்புரேட்டர் பல பிராண்டு ரம்பங்களில் பொருத்தப்பட்டது. பழைய ரம்பங்களைத் திருத்துவோர் அனைவருக்கும் அது பழகிய பொருள்.

எடைப் போட்டியில் மெக்கல்லக் நிறுவனம் 1949-இல் 3-25 என்ற மாடலை ஏறக்குறைய 11 கிலோ எடையில் வெளியிட்டது. அதன் நிறுவனர் ராபர்ட் மெக்கல்லக்தான் 1968-இல் லண்டன் பாலத்தை விலைக்கு வாங்கி, கல் கல்லாகப் பிரித்து அரிசோனாவுக்குக் கொண்டுபோனவர். 1950-இல் ஸ்டில் நிறுவனம் ஒருவரே இயக்கும் 16 கிலோ ரம்பத்தையும், 1959-இல் 12 கிலோ எடையில் 6 குதிரைத்திறன் தந்த கான்ட்ராவையும் கொண்டுவந்தது. கான்ட்ராவில் கியர்கள் இல்லை. எஞ்சினின் சுழற்சி நேரடியாகச் சங்கிலிக்குப் போனது. சுவீடனில் 1954-இல் ஜான்செரெட் ராக்கெட் மாடலும், 1959-இல் ஹஸ்க்வர்னாவின் முதல் ரம்பமான மாடல் 90-ம் வந்தன. 1960-களின் தொடக்கத்தில் வந்த ஹோம்லைட் எக்ஸ்.எல்.-12, பாரும் சங்கிலியும் நீங்கலாக 12 பவுண்டு, அதாவது சுமார் ஐந்தரைக் கிலோ எடையே கொண்டிருந்தது. காட்டுத் தொழிலாளியின் கையிலிருந்த கருவி சாதாரண விவசாயியின் வீட்டுக்கும் வந்தது அதற்குப் பிறகே.

எவற்றைச் சேர்க்கிறார்கள்

சிலர் ஒரே நிறுவனத்தின் எல்லா மாடல்களையும் வரிசையாகச் சேர்க்கிறார்கள். மெக்கல்லக்கின் மஞ்சள், ஜான்செரெட்டின் சிவப்பு, ஹஸ்க்வர்னாவின் ஆரஞ்சு எனச் சுவர் முழுவதும் ஒரே நிறமாக இருப்பதில் அவர்களுக்கு மகிழ்ச்சி. சிலர் பெரிய எஞ்சின்களைத் தேடுகிறார்கள். 123 சிசி மெக்கல்லக் 125 வரிசையும் 137 சிசி ஸ்டில் 090-ம் அவர்களின் இலக்கு. வேறு சிலரை ஈர்ப்பவை வழக்கத்துக்கு மாறான வடிவமைப்புகள். பிஸ்டனுக்குப் பதில் முக்கோணச் சுழலியைக் கொண்ட வாங்கல் எஞ்சினை 1970-களில் ரம்பத்தில் வைத்த சாக்ஸ்-டோல்மார் கே.எம்.எஸ். 4 இந்த வகையில் பெரிதும் தேடப்படுகிறது.

மெக்கல்லக் ரம்ப எஞ்சின்களுக்கு இன்னொரு வாழ்வும் இருந்தது. 1950-களின் இறுதியில் கோ-கார்ட் பந்தயம் பரவியபோது பந்தயக்காரர்கள் அவற்றைத் தம் சிறு வண்டிகளில் பொருத்தினர். நிறுவனமும் அதற்கென்றே எஞ்சின்களைத் தயாரித்தது. அதனால் சில பழைய பாகங்களுக்குச் சேகரிப்பாளரோடு பந்தய ஆர்வலரும் போட்டியிடுகிறார்.

பாகம் கிடைப்பதே இந்தப் பொழுதுபோக்கின் பெரிய கேள்வி. மெக்கல்லக் 1999-இல் திவாலானது. ஹோம்லைட் பல கைகள் மாறியது. எனவே ஓடாத ரம்பத்தையும் யாரும் எறிவதில்லை. ஒரே மாடலில் இரண்டு மூன்றை வாங்கி, நல்ல பாகங்களைச் சேர்த்து ஒன்றை முழுமையாக்குவதே நடைமுறை.

முதல் பரிசோதனை

கிடைத்த ரம்பத்தின் கயிற்றை உடனே இழுத்து ஓடவைக்க முயல்வது தவறு. பல ஆண்டுகள் கிடந்த எஞ்சினுக்குள் துருவோ பூச்சிக்கூடோ இருக்கலாம். அனுபவமுள்ளவர் முதலில் சைலன்சரைக் கழற்றுவார். அது இருந்த துளை வழியே டார்ச் ஒளியில் பிஸ்டனின் பக்கவாட்டைப் பார்க்கலாம். அது வழுவழுப்பாக, செதுக்கிய கோடுகள் மங்காமல் இருந்தால் எஞ்சின் பிழைத்திருக்கிறது என்று பொருள். நெடுக்காகக் கீறல்களும் பூசியது போன்ற அலுமினியத் திட்டுகளும் தெரிந்தால், போதிய ஆயில் இல்லாமலோ காற்று அதிகம் கலந்ததாலோ எஞ்சின் சூடேறிப் பிடித்திருக்கிறது என்று அறியலாம். அடுத்து, ஸ்பார்க் பிளக் இருந்த இடத்தில் அளவியைப் பொருத்தி அழுத்தம் பார்ப்பார்கள். 120 பிஎஸ்ஐ-க்கு மேல் காட்டினால் தொடர்ந்து வேலை செய்யலாம். மிகக் குறைந்தால் ரிங்கையோ சிலிண்டரையோ கவனிக்க வேண்டும்.

தீப்பொறியும் எரிபொருளும்

1970-கள் வரையிலான பெரும்பாலான ரம்பங்களில் தீப்பொறியைத் தருபவை மேக்னட்டோ, பாயின்ட், கண்டென்சர் ஆகியவை. ஓடாமல் கிடந்த ரம்பத்தில் பாயின்டின் இரு முனைகளிலும் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடுப் படலம் படிந்திருக்கும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த சுத்தமான காகிதத்தை இடையில் வைத்து இழுத்துத் துடைத்தால் பெரும்பாலும் தீப்பொறி திரும்பிவிடும். இடைவெளி பொதுவாக 0.4 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் கொண்டு அதைச் சரிசெய்வார்கள். கண்டென்சர் கெட்டிருந்தால் மாற்றிவிடலாம். பாயின்டுக்குப் பதிலாக மின்னணுத் தொகுதியைப் பொருத்துவோரும் உண்டு.

கார்புரேட்டரில் முதலில் கெடுவது டயாபிரம். புதிதாக இருக்கும்போது துணிபோல் வளையும் அது, காய்ந்த பின் விறைத்து, விரல்பட்டாலே சடசடக்கும். அந்த நிலையில் அது எஞ்சினின் துடிப்புக்கு ஏற்ப அசையாது, பெட்ரோலும் ஏறாது. டயாபிரம், கேஸ்கெட், ஊசி வால்வு ஆகியவை சேர்ந்த பொதி இன்றும் பல கார்புரேட்டர்களுக்குக் கிடைக்கிறது. உள்ளே இருக்கும் நுண்ணிய வலையைக் கழுவி, பெட்ரோல் குழாயையும் வடிகட்டியையும் மாற்றினால் பாதி வேலை முடிந்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கும், ஈரத்தையும் ஈர்க்கும். எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைக்கும் நாடுகளில் அதையே ஊற்றுகிறார்கள்.

பழைய டிவிஎஸ் 50 வண்டியைப் போலவே இந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கும் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்தே ஊற்ற வேண்டும். அக்காலக் கையேடுகள் பல 16 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்றன. இன்றைய டூ ஸ்ட்ரோக் ஆயில் தரமானது என்பதால் 32-க்கு 1 என்ற அளவே பலரின் வழக்கம். லிட்டருக்குச் சுமார் 31 மில்லி.

சிலிண்டரும் சீல்களும்

பிஸ்டன் பிடித்த எஞ்சினில், குரோமியப் பூச்சுள்ள சிலிண்டரின் உட்சுவரில் பிஸ்டனின் அலுமினியம் உருகி ஒட்டியிருக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சுக் குச்சியால் அந்தத் திட்டின்மேல் மட்டும் தொட்டால் அலுமினியம் நுரைத்துக் கரையும். பின் நீரில் கழுவி, மெல்லிய உப்புத்தாளால் மெருகேற்றினால் அடியில் உள்ள பூச்சு பெரும்பாலும் பழுதின்றி வெளிப்படும். அமிலம் அலுமினியத் துளைகளின் விளிம்பில் படக்கூடாது. கையுறை, கண்ணாடி, திறந்தவெளி மூன்றும் கட்டாயம்.

கிராங்க் தண்டின் இருபுறமும் உள்ள ஆயில் சீல்கள் கண்ணுக்குத் தெரியாத எதிரிகள். காய்ந்த சீல் வழியே காற்று நுழைந்தால் கலவையில் பெட்ரோல் குறையும், எஞ்சின் சூடேறும், புதுப்பித்த பிஸ்டனும் வீணாகும். ஆகவே எஞ்சினின் எல்லாத் துளைகளையும் அடைத்து, காற்றை ஏற்றியும் உறிஞ்சியும் அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்த பிறகே ஓட்டுவது நல்ல பழக்கம்.

சங்கிலி, வர்ணம்

பழைய பாரையும் சங்கிலியையும் தேய்மானம் பார்த்தே பயன்படுத்த வேண்டும். பல பழைய அளவுச் சங்கிலிகள் இன்று கடைகளில் அரிது. பற்சக்கரத்தை மாற்றி இன்றைய அளவுக்கு இணக்குவது உண்டு. பல ரம்பங்களில் சங்கிலிக்கு ஆயில் தர, கட்டைவிரலால் அழுத்தும் பம்பு இருக்கும். அதன் வால்வைச் சுத்தம் செய்யாமல் மரத்தில் வைத்தால் பார் கருகும்.

வெளித்தோற்றம் குறித்து இரு கருத்துகள் உள்ளன. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்தபடியே வர்ணமும் ஸ்டிக்கரும் புதுப்பிப்பது ஒன்று. தேய்ந்த வர்ணமும் கைபட்டு மினுங்கும் பிடியும் உழைப்பின் சான்று, அழுக்கை மட்டும் நீக்க வேண்டும் என்பது மற்றொன்று. எஞ்சியிருப்பவை குறைந்துவரும் அரிய மாடல்களுக்கு இரண்டாவது வழியே சிறந்தது. அசல் வர்ணத்தை ஒருமுறை சுரண்டிவிட்டால் அது திரும்ப வராது. பல ரம்பங்களின் உடல் மெக்னீசியக் கலவை. அதைத் தேய்க்கும்போது எழும் தூள் எளிதில் தீப்பற்றும். பற்றினால் நீர் ஊற்றக்கூடாது. பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கலாம் என்பதால் முகமூடியும் தேவை.

பாதுகாப்பு

பழைய ரம்பத்தை ஓட்டுவதில் உள்ள ஆபத்தை மறைப்பது நேர்மை ஆகாது. பாரின் நுனியின் மேல்பகுதி மரத்தில் இடித்தால் ரம்பம் ஓட்டுபவரின் முகத்தை நோக்கி எகிறும். அதைத் தடுக்கும் சங்கிலி பிரேக் 1970-களில்தான் பரவலாயிற்று. அதற்கு முந்தைய ரம்பங்களில் அது இல்லை. அதிர்வைத் தாங்கும் ரப்பர் இணைப்புகளும் 1960-களின் நடுவில்தான் வரத் தொடங்கின. அவை இல்லாத காலத்தில் நாள் முழுதும் உழைத்த மரவெட்டிகளுக்கு விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் நோய் வந்தது. எனவே பழைய ரம்பத்தைக் கண்காட்சியில் சில நிமிடங்கள், தாங்கியில் உறுதியாக வைத்த கட்டையில் மட்டும் ஓட்டுவதே முறை. தலைக்கவசம், காதுக் காப்பு, கால்காப்பு உடை இல்லாமல் தொடக்கூடாது. அன்றாட மரவேலைக்கு நவீன ரம்பமே ஏற்றது.

பராமரிப்பும் பதிவும்

சரிசெய்த ரம்பத்தை எடுத்து வைக்கும் முன் பெட்ரோலை வடித்து, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீரும்வரை ஓட்டிவிட வேண்டும். சிலிண்டருக்குள் சில துளி ஆயில் விட்டு, கயிற்றை மெல்ல இழுத்துப் பரப்பினால் துருப்பிடிக்காது. ஆண்டுக்கு ஓரிரு முறை ஓட்டினால் சீல்களும் டயாபிரமும் நீடிக்கும்.

புதிதாகத் தொடங்குபவர் அதிக எண்ணிக்கையில் விற்ற, பாகம் கிடைக்கும் மாடலைத் தேர்ந்தெடுப்பது நல்லது, ஹோம்லைட் எக்ஸ்.எல். வரிசை அதற்குப் பொருத்தமானது. தொடர் எண், கிடைத்த இடம், முன்பு வைத்திருந்தவர் சொன்ன விவரம், மாற்றிய பாகங்கள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவைப்பதும் சேகரிப்பின் பகுதியே. தயாரித்த நிறுவனங்கள் பல மறைந்துவிட்ட நிலையில், கையேடுகளையும் பாகப் பட்டியல்களையும் காத்து, எந்தப் பாகம் எதற்குப் பொருந்தும் என்ற அறிவை அடுத்தவருக்குக் கொடுத்து வருபவர்கள் சேகரிப்பாளர்களே. காட்டுத் தொழிலின் கைக்கருவிகள் எப்படி வளர்ந்தன என்பதை ஓடும் நிலையில் காட்டக்கூடிய சான்றுகள், அவர்கள் காப்பாற்றிய இந்த இயந்திரங்கள்.