ஒரு எலும்பு, இரண்டு தாலுகா!

விழுந்தது என் மைத்துனன். விழ வைத்தது மழைத் தண்ணீருக்கு அடியில் பதுங்கியிருந்த பள்ளம். ஒன்பதரைக்குள் ஆபீஸில் கையெழுத்துப் போட வேண்டுமே என்ற அவசரம்... பைக்கிலிருந்து எகிறி, தோள்பட்டை முதலில் தரையைத் தொட... 'டொக்!' எக்ஸ்ரேயில் காறை எலும்பு இரண்டு துண்டு.

காறை எலும்பு எது என்று தேட வேண்டாம். சட்டைக் காலருக்குக் கீழே, தோள் வரை குறுக்காக ஓடுகிறதே, அதுதான். பெரும்பாலும் கையைத் தூளி மாதிரி கட்டித் தொங்கவிட்டாலே தானாகக் கூடிவிடும். இவனுக்கு ஒரு துண்டின் மேல் இன்னொன்று சவாரி செய்ததால், பிளேட் வைத்து ஸ்க்ரூ முடுக்கியாக வேண்டும் என்றார்கள்.

முதல் நாள் ராத்திரி மயக்க டாக்டர் வந்தார். "முழு மயக்கம் கொடுக்காம, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வெச்சே பண்ணலாம். சிகரெட் உண்டா தம்பி?"

பக்கத்தில் என் மாமியார். "சேச்சே!" என்றான் மைத்துனன்.

"பல் பிடுங்கற மாதிரி ஒரு ஊசிதானே டாக்டர்?" என்றேன். அவர் சிரித்துவிட்டு, சீட்டின் பின்பக்கம் படம் போட ஆரம்பித்தார்.

விஷயம் இதுதான். காறை எலும்பு, இரண்டு தாலுகா எல்லையில் மாட்டிக்கொண்ட கிராமம். மேல் தோலுக்கு வரும் நரம்பு கழுத்தின் 3, 4-ம் வேரிலிருந்து. எலும்புக்கு வருவது பெரும்பாலும் அதற்குக் கீழே 5, 6-லிருந்து. ஒரு ஆபீஸில் மட்டும் கையெழுத்து வாங்கினால் வேலை நடக்காது. இரண்டு ஊசி வேண்டும்.

தோலுக்கான ஊசி கழுத்தின் பக்கவாட்டில், மேலாக. அதில் தகராறு இல்லை. எலும்புக்கு எங்கே போடுவது என்பதில்தான் கச்சேரி.

பழைய வழி, 1970-ல் அலன் வின்னி என்ற அமெரிக்க டாக்டர் பிரபலமாக்கியது. கழுத்துத் தசைகள் இரண்டுக்கும் இடையில், கைக்குப் போகும் நரம்புக் கற்றையிலேயே மருந்தை விடுவது. பிரமாதமாக வேலை செய்யும். கை பல மணி நேரத்துக்கு அரிசி மூட்டை மாதிரி கிடக்கும், அவ்வளவுதான்.

நான் பி.காம். வரவு இருந்தால் பற்று எங்கே என்று கண் தேடும். "இதில் நஷ்டம் என்ன டாக்டர்?"

"மூச்சு!" என்றார். மூச்சை இழுக்கும் உதரவிதானத் தசைக்குப் போகிற நரம்பு அதே வழியாகத்தான் இறங்குகிறது. மருந்து அதையும் நனைத்துவிட்டால், அந்தப் பக்கத்து உதரவிதானம் லீவு போட்டுவிடும். 1991-ல் அமெரிக்காவில் ஸ்கேன் வைத்துப் பார்த்தபோது, சோதித்த அத்தனை பேருக்கும் அப்படி ஆகியிருந்தது. இப்போது ஸ்கேனில் நரம்பைப் பார்த்துக்கொண்டே கொஞ்சமாக மருந்து விடுவதால் தேவலை. ஆனாலும் உத்தரவாதம் கிடையாது. நல்ல நுரையீரல்காரருக்கு இது நடந்ததே தெரியாது, மறுபாதி சமாளித்துவிடும். ஏற்கெனவே நுரையீரல் கெட்டவர் பாடு திண்டாட்டம். சிலருக்குக் குரல் கம்மும், இமை தொங்கும். மருந்து இறங்கினால் சரியாகிவிடும்.

புது வழி 2017-ல் ஸ்பெயினின் வால்டெஸ் சொன்னது. கழுத்தை விட்டுவிட்டு எலும்பிடமே போய், முறிவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கு அடியில் மருந்தைப் பரப்புவது. விரல் அசையும், மூச்சுக்கு வம்பில்லை. ஆனால் புதுசு. பழையதற்கு இருக்கிற அத்தனை வருஷ அனுபவம் இதற்கு இல்லை. சில சமயம் போதாமல், கூடவே தூக்க மருந்து வேண்டியிருக்கும்.

"இவருக்கு நுரையீரல் நல்லா இருக்கு. பழையதே போட்டுடலாம்" என்று டாக்டர் எழுந்தார்.

மாமியார் ஃபிளாஸ்க்கோடு காபி வாங்கப் போன நேரம். மைத்துனன் மெல்ல, "டாக்டர்... தினம் ஒரு பாக்கெட். மாடி ஏறினா மூச்சு வாங்குது" என்றான்.

டாக்டர் அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அப்படியே உட்கார்ந்து சீட்டில் எழுதியதை அடித்தார். காலையில் குழாயில் ஊதவைத்து நுரையீரலைச் சோதித்தார்கள். ரிசல்ட் சுமார். புது வழியே முடிவாயிற்று.

ஆபரேஷன் முடிந்து ஸ்ட்ரெச்சரில் வரும்போதே விரல்களை ஆட்டிக் காட்டினான். "அத்தான், டிரில் போடுற சத்தம் கூட லேசா கேட்டுச்சு!"

"அம்மாகிட்ட அந்த விஷயம்..." என்று காதில் கிசுகிசுத்தான்.

காபியை ஆற்றிக்கொண்டிருந்த மாமியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உன் சட்டையை இத்தனை வருஷமா துவைக்கிறது யாருடா?"