உஷார்! உங்கள் பாட்டு ஒரே ஒரு கார்டில்தான் இருக்கிறதா?

வீட்டில் பாட்டுப் பதிவு செய்ய தனி ரெக்கார்டர் வாங்கலாமா, லேப்டாப்பே போதுமா என்று யோசிக்கிறீர்களா? பணத்தை நீட்டுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். ஒலித்தரம் பற்றிக் கடையில் மணிக்கணக்கில் சொல்வார்கள். பாடியது எப்படியெல்லாம் காணாமல் போகும் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

தெரிந்த பெண் ஒருவர். பாட்டு வாத்தியாருக்கு எண்பது தாண்டிவிட்டது, அவர் சொல்லிக்கொடுத்த உருப்படிகளைப் பதிந்து வைத்துவிட வேண்டும் என்று தவித்தார். லேப்டாப் நடுவில் நின்றுவிடுமோ என்று பயந்து தனி ரெக்கார்டர் வாங்கினார். நல்ல கருவிதான். ஆனால் அடாப்டரில் மட்டும் ஓடுகிற ரகம். பெரியவர் ஒன்றரை மணி நேரம் பாடினார். ஸ்டாப் பொத்தானை அழுத்துவதற்குள் கரண்ட் போய்விட்டது.

கரண்ட் வந்து பார்த்தால் ஃபைலே இல்லை!

பல ரெக்கார்டர்கள் ஸ்டாப் அழுத்திய பிறகுதான் ஃபைலை முறையாக மூடும். மூடாத ஃபைலை அவற்றுக்கே திறக்கத் தெரியாது. இதில் கொடுமை என்னவென்றால், பாட்டின் பெரும்பகுதி அப்போதும் ரெக்கார்டரில் செருகிய மெமரி கார்டில்தான் கிடந்திருக்கும். அப்படியே கழற்றி, விவரம் தெரிந்தவரிடம் கொடுத்திருந்தால் மீட்க வாய்ப்பு இருந்தது. பாவம், பதற்றத்தில் அதே கார்டில் மறுபடி பதிய ஆரம்பித்துவிட்டார். பழையதன் மேல் புதியது ஏறிவிட்டது. இப்போது பெரியவரால் அவ்வளவு நேரம் உட்கார்ந்து பாட முடிவதில்லை.

பதிவு போய்விட்டதா? அந்த கார்டில் எதையும் எழுதாதீர்கள். உடனே கழற்றிவிடுங்கள்.

"அப்படியானால் லேப்டாப்தான் பத்திரம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அங்கே வேறு பூதம் இருக்கிறது. யாரோ பென் டிரைவில் தருகிற 'கிராக்' மென்பொருள்! 2019-ல் லவுட்மைனர் என்ற வேண்டாத நிரல், திருட்டு இசை மென்பொருள்களுக்குள் ஒளிந்து வந்து, கம்ப்யூட்டரைத் திருட்டுத்தனமாக கிரிப்டோ நாணயம் தோண்ட வைத்தது. 2020-ல் ஈவில்குவெஸ்ட். ஏபிள்டன் லைவ் மென்பொருளின் திருட்டுப் பிரதியோடும் மேக் கம்ப்யூட்டர்களில் நுழைந்து, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பாட்டுப் பதிய ஆடாசிட்டி மென்பொருள் இலவசம். மேக் இருந்தால் கராஜ்பேண்டும் இலவசம். எதற்கு இந்த வினை?

இன்னொன்று, இது உயிர் சமாச்சாரம். மைக்கையோ கிதார் கம்பியையோ தொட்டால் சுர்ரென்கிறதா? "லேசாகத்தானே இருக்கு" என்று பாடிக்கொண்டிருக்காதீர்கள்! எர்த் சரியில்லாத பிளக், மூன்று முள்ளில் ஒன்றை ஒடித்த சார்ஜர், இப்படி ஏதோ ஒன்று காரணமாக இருக்கும். உதட்டருகே வைத்துப் பாடுகிற பொருள் அது. எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை பதிவே வேண்டாம்.

பாடும்போது உங்கள் குரல் ஹெட்போனில் பின்தங்கி வருகிறதா? கம்ப்யூட்டரில் பஃபர் (ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு) 1024 என்று இருந்தால் அதுவே 23 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதம். தாளம் நழுவும், பழி உங்கள் மேல் விழும். பஃபரைக் குறையுங்கள், இல்லையென்றால், மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் ஒன்றை, நேரடி மானிட்டர் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஃபயர்வயர் இன்டர்ஃபேஸ் மட்டும் வேண்டாம். 2025-ல் வந்த மேக் ஓஎஸ் டாஹோ அதைக் கைவிட்டுவிட்டது. பழைய ரெக்கார்டர் என்றால், பாட்டை வேவ் ஃபைலாக வெளியே எடுக்க முடிகிறதா என்று கேளுங்கள். சில கருவிகள் தங்களுக்கு மட்டுமே புரிகிற வடிவத்தில் பூட்டி வைத்துக்கொள்ளும்.

என்னைக் கேட்டால், மறுபடி கிடைக்காத குரலுக்கு பேட்டரியிலும் ஓடுகிற ரெக்கார்டர். ஜூம் ஆர்16 போல ஆறு பென்சில் பேட்டரியில் ஓடுபவை உண்டு. நிதானமாக அடுக்கடுக்காகச் சேர்த்து மெருகேற்றும் வேலைக்கு கம்ப்யூட்டர். எதில் பதிந்தாலும், அன்று ராத்திரியே இன்னோர் இடத்தில் ஒரு காப்பி.

கடையில் பில் போடுமுன் ஒரு சோதனை. இரண்டு நிமிஷம் பதியச் சொல்லி, நடுவில் பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள். ஃபைல் பிழைக்கிறதா பாருங்கள். முடியாது என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.